வெள்ளம் வரும் பகுதியில் வாடகைக்கு விட வீடு: தரைத்தளமா, மாடியா, மேட்டு நிலமா?

தாழ்வான பகுதியில் மலிவாகக் கிடைக்கும் வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் போடுவது ரிப்பேர் கணக்கு. பெயின்ட், கதவு, வயரிங், மோட்டார் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, விலையில் குறையும் தொகை அதைவிட அதிகம் என்றதும் முன்பணம் கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள். அந்த வீட்டிலேயே குடியிருக்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு ஓரளவு போதும். வாடகைக்கு விடுபவருக்குப் போதாது. தண்ணீர் வடிந்த பிறகு வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள், புதிதாக வருபவர் குறைத்துக் கேட்கும் வாடகை, பணம் தேவைப்படும்போது விற்க முடியாத நிலை ஆகிய மூன்றும் ரிப்பேர் பில்லுக்குச் சற்றும் சளைத்தவை அல்ல.

கையில் இருக்கும் பணத்துக்குப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு. வெள்ளப் பகுதியில் தரைத்தள வீடு; அதே பகுதியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் தளமோ அதற்கு மேலோ; தாழ்ந்துபோன பழைய வீட்டை வாங்கி உயர்த்துவது; அதே தொகைக்கு மேட்டுப் பகுதியில் சிறிய வீடு. எது சரி என்பதைப் பகுதியின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், நாலு வீடு தள்ளி வாசற்படியைக்கூடத் தொட்டிருக்காது.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது

ஆற்று வெள்ளம், மழைநீர்த் தேக்கம், கடல் நீர் ஏற்றம், கழிவுநீர்க் குழாய் வழியாகத் திரும்பி வரும் நீர், நிலத்தடி நீர் மேலே ஊறுவது எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். தடுக்கும் வழிதான் வேறு வேறு.

மழைநீர்த் தேக்கம் திடீரென்று வரும், ஆனால் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வடியும். ஆறு கரை மீறினால் நாள் கணக்கில் நிற்கும். அணையிலிருந்து திறந்துவிடும் நீர் என்றால் பொருட்களை மேலே ஏற்றச் சில மணி நேரம்தான் கிடைக்கும். கடலோரத்தில் இன்னொரு சிக்கல்: கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் மழை கொட்டினால் வடிகால் கடலுக்குள் இறங்காது, ஊருக்குள்ளேயே தேங்கும். உப்பு நீர் புகுந்த வீட்டில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிப்பதால், பார்க்க நன்றாக இருக்கும் கூரையும் தூணும் சில ஆண்டுகள் கழித்து வெடிக்கத் தொடங்கும். உப்பு ஏறிய தரைத்தளத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது.

கழிவுநீர் திரும்பி வரும் வீட்டில் வாசலில் எத்தனை மணல் மூட்டை அடுக்கினாலும் பயனில்லை. கழிவறைத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். இதற்கு வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு போட வேண்டும். போட்டுவிட்டு மறந்துவிட்டால் துணியோ முடியோ சிக்கி மூடி பாதி திறந்தே நிற்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, மழைக்காலத்துக்கு முன் கட்டாயம், திறந்து சுத்தம் செய்ய வேண்டும். தரை வழியாக ஊறும் நிலத்தடி நீருக்கு வாசல் தடுப்பும் உதவாது, வால்வும் உதவாது. அந்த வீட்டில் தரைத்தளத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

எவ்வளவு உயரம்: ஒரு ட்யூபும் டேப்பும் போதும்

வீட்டின் முடிந்த தரை மட்டத்துக்கும், அந்தத் தெருவில் இதுவரை வந்த அதிகபட்ச நீர்மட்டத்துக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் இந்த வியாபாரத்தில் முக்கியமான எண். விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, கொத்தனார்கள் பயன்படுத்தும் ட்யூப் லெவலை வைத்து அரை மணி நேரத்தில் நீங்களே எடுத்துவிடலாம்.

முதலில் தெருவில் பழைய நீர்க்கோடு ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பெயின்ட் அடிக்காத காம்பவுண்டு சுவர், பயன்படுத்தாத ஷெட், டிரான்ஸ்ஃபார்மர் மேடை, பாலத்தின் பக்கச் சுவர் போன்ற இடங்களில் அது இருக்கும். 15 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். நடுவில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் அளவு தப்பிவிடும். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நீர்மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு ஒருவர் ஒரு முனையை நீர்க்கோட்டில் பிடித்து, நீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி ஏற்றி இறக்க, மற்றவர் வீட்டு வாசலில் மறுமுனையில் தெரியும் மட்டத்தைச் சுவரில் குறிக்க வேண்டும். அந்தக் குறியிலிருந்து உள்தரை வரை டேப்பால் அளந்தால் வீட்டுக்குள் எவ்வளவு நின்றிருக்கும் என்பது தெரிந்துவிடும். தூரம் அதிகமானால் நடுவில் ஒரு சுவரில் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று தவணையாக எடுக்கலாம். கோடு கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் கையை வைத்துக் காட்டும் உயரமே போதும். இரண்டு வீட்டிலாவது தனித்தனியாகக் கேளுங்கள். புரோக்கரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.

விற்கப் போகும் வீட்டில் கோடு அழிக்கப்பட்டிருக்கும், அதன் தடயங்கள் இருக்கும். இடுப்பு உயரம் வரை மட்டும் புதுப் பூச்சு, கதவின் கீழ்க் கீல் மட்டும் துருப்பிடித்து மேலே உள்ளது பளபளப்பாக இருப்பது, மரக்கதவின் அடிப்பகுதி உப்பி இழைக்கப்பட்டிருப்பது, பிளக் பாயின்ட்கள் வழக்கத்துக்கு மாறாக உயரத்தில் இருப்பது, சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்திருப்பது. ஒரு ஸ்விட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு: உள்ளே மெல்லிய வண்டல் படிந்திருந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் வந்திருக்கிறது. பெயின்ட் அடிப்பவர்கள் அந்தப் பெட்டிக்குள் துடைப்பதில்லை.

இணையத்திலும் பார்க்கலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பார்த்தால் அந்த மனை முன்பு குளமாகவோ வாய்க்காலாகவோ இருந்ததா என்று தெரியும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிட்டுள்ள உலக மேற்பரப்பு நீர் வரைபடம் 1984 முதல் நீர் நின்ற இடங்களை இலவசமாகக் காட்டுகிறது. ஆனால் அது 30 மீட்டர் துல்லியத்தில், மேகம் இல்லாத நாளில் செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்துத் தயாரானது. ஒரு நாள் நின்று வடிந்த தெருத் தண்ணீர் அதில் பதிவாகாமல் போகலாம். வரைபடத்தில் நீர் தெரிந்தால் நம்புங்கள்; தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். நீர்நிலையை நிரப்பிய மனை என்று தெரிந்தால் வெள்ளத்தோடு ஆக்கிரமிப்பு வழக்கும் சேர்ந்து வரும்.

பழைய கோடு நாளைய கோட்டுக்கு உத்தரவாதம் இல்லை. சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் தெரு சில சென்டிமீட்டர் ஏறும், வீடு அந்த அளவு பள்ளமாகும். பக்கத்துக் காலிமனையை மண் போட்டு உயர்த்தினாலும் இதே கதை. அளந்த எண்ணோடு 30 சென்டிமீட்டராவது சேர்த்துக்கொண்டு முடிவெடுப்பது பாதுகாப்பு.

மாத வாடகையில் கணக்கு

ரூபாயோ டாலரோ வேண்டாம், மாத வாடகையையே அளவாக வைத்துக்கொண்டால் எந்த ஊருக்கும் கணக்கு பொருந்தும். எடுத்துக்காட்டாக, மேட்டுப் பகுதியில் ஒரு வீட்டின் விலை 300 மாத வாடகை என்று வைப்போம். வரி, பராமரிப்பு போக ஆண்டுக்குக் கையில் நிற்பது 10 மாத வாடகை.

தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால்: காலியாக 4 மாதம், ரிப்பேருக்கு 8 மாத வாடகை, அடுத்த 20 மாதங்களுக்கு 10% வாடகைக் குறைப்பு, அதாவது 2 மாதம். மொத்தம் 14. இது பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தால் ஆண்டுக்கு 1.4 மாதம் போகிறது, பத்தில் 8.6 மிஞ்சுகிறது. ஆக, விலையில் குறைந்தது 14% தள்ளுபடி கிடைத்தால்தான் மேட்டு வீட்டுக்குச் சமம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றால் 28% வேண்டும். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றால் 6% போதும். உங்கள் இடத்து எண்களைப் போட்டுப் பாருங்கள், விடை மாறும். வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்பதே எல்லாவற்றையும் விட அதிகமாக விடையைப் புரட்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. விற்பவர் காட்டும் வருமானக் கணக்கில் மேட்டுத் தெருவின் வாடகை இருக்கும். பள்ளத்துத் தெருவின் வாடகை ஏற்கெனவே குறைவாக இருந்தால், விலையில் தெரியும் தள்ளுபடி பாதி பொய். கடைசியாக அங்கே குடியிருந்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடங்களில் ‘100 ஆண்டு வெள்ளம்’ என்று போட்டிருப்பது நூறாண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வரும் என்று பொருள்படாது. எந்த ஆண்டிலும் வர 1% வாய்ப்பு என்பதுதான் அதன் கணக்கு. 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26% வாய்ப்பு இருக்கிறது. ஆண்டுக்கு 4% உள்ள இடத்தில் 15 ஆண்டு வைத்திருந்தால் ஏறக்குறைய 46%. போன ஆண்டுதான் வந்தது, இனி வெகுகாலம் வராது என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

தரைத்தளம்

வீட்டுக்குள் வரக்கூடிய உயரம் 30 சென்டிமீட்டருக்குள், ஒரு நாளுக்குள் வடியும், உப்பு நீர் இல்லை, நீங்களோ நம்பகமான ஆளோ அருகில் இருக்கிறீர்கள். இந்த நான்கும் பொருந்தினால் மட்டும் தரைத்தளத்தை யோசிக்கலாம்.

உயரத்துக்கு ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றால், தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு சேர்ந்து ஏறுவதால்தான். ஒரு மீட்டர் அகலமுள்ள தடுப்பின் மீது 30 செ.மீ. நீர் தள்ளும் விசை 45 கிலோ எடைக்குச் சமம். 60 செ.மீ. ஆனால் 180 கிலோ. ஒரு மீட்டர் ஆனால் 500 கிலோ. வாசலில் பொருத்தும் தடுப்புப் பலகைகளைச் சுமார் 60 செ.மீ.க்கு மேல் வைக்காமல் இருப்பது இதனால்தான். அதற்கு மேல் வெளியே நீரும் உள்ளே வெறுமையும் இருந்தால் சாதாரணச் செங்கல் சுவர் பிளக்கலாம். அந்த நிலையில் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவது சுவருக்கு நல்லது.

எனவே வாங்கும்போதே, நனைந்தாலும் கழுவி மறுபடி குடிவைக்கும்படி வீட்டை மாற்றும் செலவையும் விலையில் சேருங்கள். பிளக் பாயின்ட்களையும் மீட்டரையும் எதிர்பார்க்கும் நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றி, வயரைக் கீழிருந்து வராமல் மேலிருந்து இறக்க வேண்டும். ஜிப்சம் பலகையும், எம்.டி.எஃப். (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை), ப்ளைவுட் அலமாரிகளும் கூடாது. ஜிப்சம் நீரை மேல்நோக்கி உறிஞ்சும், ப்ளைவுட் உப்பிப் பிரியும். சிமென்ட் பூச்சு, 1.2 மீட்டர் வரை டைல்ஸ், பி.வி.சி. அல்லது அலுமினியக் கதவு, கல் அல்லது கான்கிரீட் தட்டு அலமாரி என்றால் தாங்கும். பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்திலேயே தொடங்கிவிடும் என்பதால் தண்ணீர் வடிந்த அன்றே சன்னல்களைத் திறந்து ஃபேன் போட ஆள் வேண்டும். வெளியூரில் இருந்துகொண்டு தரைத்தளம் வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சுவர் காயாமல் பெயின்ட் அடித்துக் குடிவைப்பது அடுத்த தவறு. நனைந்த செங்கல் சுவர் 25 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக் காயும் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. அவசரப்பட்டால் மூன்றே மாதத்தில் பெயின்ட் குமிழ்விட்டு உரியும், குடியிருப்பவர் காலி செய்வார், பூசிய காசும் போகும்.

தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க மறக்காதீர்கள். இரண்டு மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள தொட்டி காலியாக இருந்தால், மண் முழுதும் நீரில் ஊறிய நேரத்தில் 8 டன் விசையோடு மேலே தள்ளப்படும். தொட்டி எழும்பும் அல்லது விரிசல் விடும். மழை எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். மூடியைச் சுற்றி மேடை கட்டி நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தாவிட்டால், நிரப்பிய நீரில் கழிவுநீர் கலக்கும்.

மாடி ஃப்ளாட்

வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் வருமானம் நிற்கலாம். மின் பேனல், மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் மெஷின் எல்லாம் பேஸ்மென்டில் இருக்கும் கட்டடத்தில் நான்காம் மாடியும் காலியாகும். மின்சாரம் இல்லாமல், தண்ணீர் ஏறாமல், படியில் ஏறி இறங்கி எத்தனை வாரம் ஒரு குடும்பம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும்?

அதனால் மாடி ஃப்ளாட் பார்க்கப் போகும்போது முதலில் கீழே இறங்குங்கள். பேனல் எந்த மட்டத்தில் இருக்கிறது, ஒவ்வொரு தளத்துக்கும் தனியாகத் துண்டிக்கும் சுவிட்ச் உண்டா, லிஃப்ட் குழியில் நீர் உணரியும் சிறு பம்பும் இருக்கின்றனவா, எச்சரிக்கை வந்ததும் லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி மெயினை அணைக்கும் பழக்கம் காவலருக்கு உண்டா என்று பாருங்கள். உரிமையாளர் சங்கத்தின் கடந்த சில ஆண்டுகளின் வரவுசெலவைக் கேளுங்கள். பேனல் மாற்றியதற்கும் மோட்டார் ரீவைண்டிங்கிற்கும் சிறப்பு வசூல் செய்திருந்தால் வெள்ளத்தின் வரலாறு அதில் தேதியோடு இருக்கும்.

மேலே சொன்ன கணக்கிலேயே, பேனல் மூழ்கும் கட்டடத்தில் ஒரு வெள்ளத்துக்கு ஒரு மாதம் காலி, ஒன்றரை மாத வாடகை பொதுச் செலவில் பங்கு, அரை மாதம் வாடகைக் குறைப்பு என்று 3 மாதம் போகும். பத்தாண்டுக்கு ஒருமுறை என்றால் 3% தள்ளுபடியே ஈடுகட்டிவிடும். பெயர் கெட்ட தெருவில் மாடிக்கும் விலை அதைவிட அதிகமாக இறங்கியிருக்கும். கீழே வெறும் வாகன நிறுத்தம், பேனல் உயரத்தில், சாலைத் தொடர்பு இரண்டு மூன்று நாளில் திரும்பும் இடம் என்றால், வெள்ளப் பகுதியில் துணிந்து வாங்கக்கூடியது இந்த ஒன்றுதான். வாகனங்களுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு வேண்டும். 30 செ.மீ. ஓடும் நீரிலேயே சிறிய கார் மிதக்கத் தொடங்கும்.

உயர்த்தலாம் என்று பழைய வீடு வாங்குவது

கேட்க அழகாக இருக்கும். உள்ளே மண் நிரப்பித் தரையை 45 செ.மீ. உயர்த்தினால் 3 மீட்டர் கூரை உயரம் 2.55 ஆகும், கதவு, சன்னல், சமையலறை மேடை, கழிவறை எல்லாம் மறுபடி. ஜாக்கி வைத்து முழு வீட்டையும் தூக்குவதற்கு அஸ்திவாரமும் சுவரும் திடமாக இருக்க வேண்டும், பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருக்கக் கூடாது, தூக்கிய பின் கழிவுநீர், மின் இணைப்புகளைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒட்டுமொத்தச் செலவும், வேலை நடக்கும் மாதங்களின் வாடகை இழப்பும் சேர்ந்து தள்ளுபடியைத் தின்றுவிடும். மனை மதிப்புக்காக வாங்குபவருக்கு மட்டும் இது பொருந்தும்.

மேட்டுப் பகுதியில் சிறிய வீடு

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வருமானம் சற்றுக் குறைவாகத் தெரியும், ஒழுங்காக வரும், விற்க நினைத்தால் எந்தப் பருவத்திலும் ஆள் கிடைக்கும். கடன் வாங்கி வாங்குபவர், வெளியூர்க்காரர், இந்த ஒரு வீட்டையே வருமானத்துக்கு நம்பியிருப்பவர் ஆகியோர் மற்ற மூன்றையும் பார்க்காமல் இதற்கே வந்துவிடலாம்.

கடனும் காப்பீடும்

வாடகை நின்றாலும் இ.எம்.ஐ. நிற்காது. வெள்ளப் பகுதியில் கடனோடு வாங்கினால் ஆறு மாதத் தவணையும், காப்பீட்டில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் பகுதியும் தனியாக இருக்க வேண்டும்.

பாலிசியில் பார்க்க வேண்டியவை: வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, பேஸ்மென்டுக்கு விலக்கு உண்டா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, வாடகை இழப்புக்கு ஈடு உண்டா. இந்தக் கடைசியைப் பலர் பார்ப்பதில்லை. அமெரிக்க அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தையே எடுத்துக்கொண்டால், பாலிசி பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும், வாடகை இழப்பை அது தருவதில்லை. உங்கள் பாலிசியிலும் அப்படியென்றால் தனிச் சேர்க்கையாக எடுக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை மறுகட்டுமானச் செலவுக்கு இருக்க வேண்டும், நில மதிப்புச் சேர்ந்த சந்தை விலைக்கு அல்ல. விலை பேசும் முன்பே அந்த முகவரிக்கு பிரீமியம் கேட்டு வாங்குங்கள். மறுத்தாலோ பல மடங்கு கேட்டாலோ நீங்கள் தேடிய வெள்ள வரலாறு அதிலேயே கிடைத்துவிட்டது.

வெள்ளம் வந்த சில மாதங்களில் விலை விழும், புதிதாகத் தண்ணீர் வராத ஆண்டுகளில் மெல்ல ஏறிவிடும். பேரம் பேசத் தோதான காலம் வடிந்த முதல் பருவம்தான்; கோடும் அழிந்திருக்காது.

வாடகை ஒப்பந்தத்தில்

வெள்ள வரலாற்றைக் குடிவருபவரிடம் மறைக்காதீர்கள். முதல் மழையிலேயே தெரிந்துவிடும், தெரிந்ததும் காலி செய்வார்கள். வீடு குடியிருக்க இயலாமல் போகும் நாளிலிருந்து வாடகை நிற்கும், எத்தனை வாரத்தில் சரிசெய்யாவிட்டால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம், தடுப்புப் பலகையைப் பொருத்துவதும் தொட்டியை நிரப்புவதும் யார் பொறுப்பு, அவர்களின் பொருளுக்கும் வாகனத்துக்கும் உங்கள் பாலிசி பொருந்தாது என்பதை எழுத்தில் போடுங்கள். வீட்டை ஒப்படைக்கும் நாளில் மெயின் சுவிட்ச், ஒருவழி வால்வு, தடுப்புப் பலகை இருக்கும் இடம் மூன்றையும் நேரில் காட்டி, பலகையை ஒருமுறை அவர்கள் கையாலேயே பொருத்தச் சொல்லிப் பாருங்கள். ரப்பர் விளிம்பு தரையில் உட்காராமல் இடைவெளி விட்டால் அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.